ஊதிவிட்டு உள்ளே போகும் வேலை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மின்னியல் பொறியியல் படித்தேன். படிப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன்.

2. அங்கே ஒரு வேலை நல்லபடியாக முடிந்தால் கொண்டாடக் குடித்தார்கள். முடியாவிட்டால் ஆறுதலுக்குக் குடித்தார்கள். புதிதாக ஒருவர் சேர்ந்தாலும் குடித்தார்கள், பழையவர் விலகினாலும் குடித்தார்கள். நானும் குடித்தேன்.

3. மற்றவர்கள் வெள்ளிக்கிழமையோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அந்தத் திறமை வாய்க்கவில்லை.

4. மருத்துவமனை. பிறகு மறுவாழ்வு இல்லம். பிறகு வாராவாரம், குடியை விட்டவர்களின் கூட்டம். இவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

5. பழைய வேலையை விட்டேன்.

6. மின்சாரப் பேருந்து டிப்போ ஒன்றில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அம்மா சில மாதம் என்னோடு பேசவில்லை.

7. சில வருடங்கள் கழித்து, முப்பத்து நான்கு வயதில், அங்கிருந்தும் விலகினேன். டிப்போக்காரர்கள் சும்மா விடவில்லை. ‘பணி ஓய்வு விழா’ என்று பேனர் அடித்து, சால்வை போர்த்தி, “பென்ஷன் எப்ப மேடம் வரும்?” என்று கேட்டு அனுப்பினார்கள்.

ஆகவே ஓய்வு பெற்றவள் என்ற முழு உரிமையோடு இதை எழுதுகிறேன். எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், வந்த சூடு ஆறுவதற்குள் என்னைத் தேடி வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “அக்கா, குடியை விட்டாச்சு. இப்ப எந்த வேலைக்குப் போறது?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. தொண்டை வற்றுவது எங்களைப் போன்றவர்களுக்கு நல்லதல்ல. எழுதிவிடுவது உத்தமம்.

நான் வேலை தேடிய விதத்திலிருந்து தொடங்குகிறேன். மறுவாழ்வு இல்லத்திலிருந்து வந்ததும் மடிக்கணினியில் ஓர் அட்டவணை போட்டேன். பக்கவாட்டில் வேலைகள், மேலே கேள்விகள். அங்கே எதைக் கொண்டாடுவார்கள், எப்படி? இரவில் தூங்க முடியுமா? கைக்கு வேலை உண்டா, இல்லை திரையை வெறிக்க வேண்டுமா? தனியாக ஓர் அறை தருவார்களா? தருவார்கள் என்றால் மதிப்பெண் குறையும். கடைசிக் கேள்விக்குத்தான் மதிப்பெண் அதிகம்: நான் வழுக்கினால் அன்றே பிடிப்பார்களா?

எங்கள் கூட்டத்தில் டீ போடும் பொறுப்பு சகாயம் அண்ணனுக்கு. ஆஸ்டின் டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவர், நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே குடியை விட்டவர். அட்டவணையை எட்டிப் பார்த்தார்.

“இன்னா தங்கச்சி, மாப்ள பாக்குறியா?”

“வேலை பாக்குறேண்ணே.”

“வேலைக்கா இத்தினி கேள்வி? இவ்ளோ கேட்டா மாப்ளயே ஓடிப்பூடுவான்.”

மாப்பிள்ளை இருக்கட்டும், வேலைகள் ஓடத்தான் செய்தன. ஒரு புதிய நிறுவனத்தில் நேர்காணல் முடித்து அலுவலகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். சமையலறை மூலையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்திலேயே பீர் வரும் குழாய். “இதுதான் மேம் எங்க கல்ச்சர். நாங்க எல்லாரும் ஒரே ஃபேமிலி” என்றாள் அழைத்துப்போன பெண். நல்ல குடும்பம்தான், எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலைக்குப் போனபோது, இடையில் வேலையில்லாமல் இருந்தது ஏன் என்று முதல்வர் கேட்டார். கல்யாணமா, குழந்தையா என்று அவரே இரண்டு விடையும் கொடுத்தார். இரண்டும் இல்லை என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்றும் வந்தது. ஆனால் மர்பி டவுனில் எங்கள் வீட்டில் என் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. மதிப்பெண் பூஜ்யம்.

டிப்போவைப் பற்றிச் சொன்னவர் சகாயம் அண்ணன்தான். கம்பெனி ஊழியர்களை ஏற்றிச் செல்லும் மின்சாரப் பேருந்துகள் அங்கே நிற்கும், சார்ஜ் ஏறும், பழுது பார்க்கப்படும். ஓட்டுநரோ, துப்புரவு செய்கிறவரோ, மேலாளரோ, யாராக இருந்தாலும் வாசலில் ஒரு மெஷினில் ஊதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தினமும், ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும்.

“அந்த டிப்போ பேரக் கேட்டாலே டிரைவருங்கோ தெறிச்சு ஓடுவானுங்க. நீ தேடிக்கினு போறியே!” என்றார் அண்ணன்.

என் அட்டவணையில் அதுவரை எந்த வேலையும் வாங்காத மதிப்பெண்ணை டிப்போ வாங்கியது. அன்றைக்கே விண்ணப்பித்தேன்.

“பி.ஈ. படிச்சிட்டு பஸ் டிப்போவாடி?” என்றாள் அம்மா. அதன் பிறகுதான் மேலே ஆறாவதாகச் சொன்ன மௌனம்.

பயிற்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆரஞ்சு நிறக் கேபிள் என்றால் உயர் மின்னழுத்தம். இணைப்பைத் துண்டித்த பிறகும் காத்திருக்க வேண்டும். காத்திருந்த பிறகும் அளந்து பார்க்காமல் தொடக் கூடாது. ரப்பர் கையுறையைப் போடுவதற்கு முன் விளிம்பைச் சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, கன்னத்துக்கு அருகில் பிடித்து எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் மறந்துவிட்டால் மறுபடி நினைவுபடுத்த ஆள் தேவைப்படாது.

வாசல் நடைமுறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வாசலை ஒட்டி ஒரு கூண்டு. அதில் எங்கள் பாதுகாப்பு அதிகாரி லூர்து மேரி மேடம். கோலார் தங்கவயல்காரர். சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்ததாகச் சொன்னவர்களும் சாட்சி கொண்டுவந்ததில்லை. ஷிஃப்ட் தொடங்கும்போது முதலில் அவரே ஊதுவார். திரையில் வரும் பூஜ்யத்தை வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, பூசாரி தட்டைக் காட்டுவது போல, இடமிருந்து வலமாகக் காட்டுவார். பிறகு “வாங்க” என்பார். புதுக் குழலை உறை பிரித்துச் சொருகுவார். நாம் பணி எண்ணைச் சொல்ல வேண்டும். “மூச்ச இழுங்க. ஊதுங்க. ஊதுங்க. ஊதுங்க. போதும்.” பூஜ்யம் வந்தால் உள்ளே போகலாம்.

பூஜ்யம் வராவிட்டால் கத்த மாட்டார். “குடிச்சிருக்கியா?” என்று ஒருவரையும் அவர் கேட்டதில்லை. எல்லோரையும் ‘நீங்க’ என்று அழைப்பவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “வாயில என்ன வெச்சீங்க?” பதிலை ஒரு ஃபார்மில் எழுதிக்கொள்வார். வாயை இரண்டு முறை கொப்பளிக்கச் சொல்லி நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைப்பார். வாயில் மட்டும் இருந்ததென்றால் சிறிது நேரத்தில் போய்விடும். ரத்தத்தில் இருந்தால் போகாது. பிறகு புதுக் குழல், ஒரு சாட்சி, இரண்டாவது ஊதல். இரண்டாவதுதான் தீர்ப்பு. அதிலும் பூஜ்யம் வரவில்லை என்றால் அன்று வேலை கிடையாது, பைக் சாவியை வாங்கிவைத்துக்கொண்டு ஆட்டோ வரவழைத்து ஏற்றிவிடுவார். மேலிடத்துக்கு அறிக்கை போகும். ஆரஞ்சுக் கேபிள் தொடுகிறவர்களுக்கு அனுமதியே ரத்தாகும்.

அந்த நீல நாற்காலியில் நான் கேட்ட கதைகள் ஏராளம். முனிராஜு என்று ஒரு கன்னட ஓட்டுநர். தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவார், பொய் அதைவிட நன்றாகச் சொல்வார். ஒருமுறை ஹோமியோபதி மருந்து. ஒருமுறை பலாப்பழம். ஒருமுறை “மாமியார் வீட்ல பழைய சோறு மேடம், மூணு நாள் பழசு, மாமியார் மாதிரியே புளிச்சிருந்துச்சு.” மேடம் தலை நிமிராமல் ‘பழைய சோறு’ என்று எழுதுவார். நான் வரிசையில் நின்று சிரிப்பேன். ஒவ்வொரு காலையும் என் பூஜ்யத்தைப் பார்க்கும்போது, பரீட்சையில் நூறு வாங்கிய பிள்ளையின் கர்வம் எனக்கு. நிறுத்தி ஒரு வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பற்றி டிப்போவில் யாருக்கும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை, மெஷின் பார்த்துக்கொள்கிறதே என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் அம்மா என்னோடு மறுபடி பேசத் தொடங்கியிருந்தாள். பேச்சின் பெரும்பகுதி என் உடம்பைப் பற்றியது. “எலும்பும் தோலுமா கீற. ஈரல் கெட்டுப்போயிருக்கும். பசியே இல்ல பாரு உனக்கு.” நாட்டு மருந்துக் கடையில் சொல்லி ஓர் அரிஷ்டம் வாங்கிவந்தாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மூடி. கசப்பும் இனிப்பும் கலந்து, தொண்டையில் இறங்கும்போது ஒரு சூடு. குடித்தேன். பசி எடுத்தது. அம்மாவுக்கு மகிழ்ச்சி. ஒரு மூடி இரண்டு மூடியானது.

ஒரு நாள் இரவு அதைக் குடிக்க மறந்து தூங்கிவிட்டேன். காலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது அம்மா அதை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி என் பைக்குள் வைத்தாள். “வேலைக்குப் போறதுக்கு முன்னாடி குடிச்சிடு, மறக்காதே.”

மறக்கவில்லை. டிப்போவுக்கு எதிரே பஸ்ஸை விட்டு இறங்கியதும் நினைவு வந்தது. பையைத் திறந்து, பாட்டிலை எடுத்து, ஒரே மடக்கில் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, சாலையைக் கடந்து வரிசையில் நின்றேன்.

ஊதினேன். பூஜ்யம் வரவில்லை.

மெஷின் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். பொறியியல் படித்தவர்களின் முதல் எண்ணம் அதுதான். மேடம் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முனிராஜுவிடம் பேசும் அதே குரலில் கேட்டார்.

“வாயில என்ன வெச்சீங்க?”

“அரிஷ்டம் மேடம்.”

எனக்குப் பின்னால் நின்றவர் முனிராஜு. விடுவாரா?

“ஏனு மேடம் இது, என்ன நியாயம்! நான் பழைய சோறுன்னா எல்லாரும் சிரிக்கறீங்க. இன்ஜினியர் மேடம் அரிஷ்டம்னா எழுதிக்கறீங்க?”

“உங்களதையும் எழுதினேன். லைன்ல நில்லுங்க” என்றார் மேடம்.

வாயைக் கொப்பளித்துவிட்டு நீல நாற்காலியில் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி அவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இரண்டாவது ஊதலில் பூஜ்யம் வராவிட்டால் என்ன ஆகும் என்று வரிசையாக யோசித்தேன். அனுமதி போகும். அறிக்கை போகும். விசாரிப்பார்கள். மருத்துவமனைச் சீட்டு வெளியே வரும். அரிஷ்டம் என்று நான் சொன்னதை, பலாப்பழத்தை நம்புகிறவர்கூட நம்ப மாட்டார்.

முனிராஜு ஊதி முடித்து, பூஜ்யத்தோடு வந்து என் பக்கத்தில் நின்றார். அவர்தான் சாட்சி என்று மேடம் சொல்லியிருந்தார். எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்தார் என்றுதான் நம்புகிறேன்.

“பயப்படாதீங்க மேடம். மருந்துதானே, போயிடும். நான் பாத்தேனே, பஸ் ஸ்டாப்ல குடிச்சீங்க.” பிறகு கொஞ்சம் யோசித்தார். “ஆனா ஒண்ணு மேடம். மருந்துன்னா எதுக்கு செவுத்துப் பக்கம் திரும்பிக் குடிச்சீங்க? நாங்கல்லாம் அது குடிக்கறப்பதான் அப்படித் திரும்புவோம்.”

ஆமாம், திரும்பியிருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. பையைத் திறந்தபோது இரண்டு பக்கமும் பார்த்திருந்தேன். சாலைக்கு முதுகு காட்டி, தோளைக் குறுக்கி, பாட்டிலை உள்ளங்கையில் மறைத்துத்தான் குடித்திருந்தேன். மருந்து குடிக்கச் சொல்லி அனுப்பிய அம்மாவிடமிருந்து மறைக்க ஒன்றுமில்லை. வேறு யாருக்காகத் திரும்பினேன்? இன்னொன்றும் சேர்ந்து நினைவு வந்தது. ஒரு மூடி இரண்டு மூடியானது அம்மாவால் அல்ல. நான்தான் கேட்டேன்.

மேடம் அழைத்தார். புதுக் குழல். “மூச்ச இழுங்க. ஊதுங்க. ஊதுங்க. ஊதுங்க. போதும்.”

பூஜ்யம்.

“கிளியர்” என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, முனிராஜுவிடமும் வாங்கிக்கொண்டு, “உள்ள போங்க, ஏழாம் நம்பர் வண்டி பேட்டரி உங்களுக்கு” என்றார். முனிராஜு வண்டி எடுக்கப் போனார்.

நான் நகரவில்லை. விதிப்படி எல்லாம் சரி. உள்ளே போயிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அதுதான் பயமாக இருந்தது.

“மேடம், இன்னிக்கு எனக்கு ஆரஞ்சுக் கேபிள் வேண்டாம். வேற வேலை கொடுங்க.”

“மெஷின் ஜீரோ சொல்லுது. என்ன காரணம்?”

“நான் குடிச்சிட்டு இருந்தவ மேடம். ட்ரீட்மென்ட் எடுத்து நிறுத்தியிருக்கேன். இன்னும் ஒரு வருஷம் ஆகல. இன்னிக்கு மனசு சரியா இல்ல. கை நடுங்குது.”

இதைச் சொல்வதற்கு எவ்வளவோ ஒத்திகை பார்த்திருக்கிறேன், கூட்டத்தில் எத்தனையோ முறை சொல்லியும் இருக்கிறேன். சம்பளம் தரும் இடத்தில் சொன்னது அதுதான் முதல் முறை. மேடம் உருகுவார் அல்லது உறுமுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஃபார்மை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தார்.

“அதுக்கு இதுல கட்டம் இல்ல” என்றார்.

“எழுதறதுக்காகச் சொல்லல மேடம்.”

“கை நடுங்குதுன்னா அதுக்கு கட்டம் இருக்கு.” எழுதினார். “இன்னிக்கு சார்ஜிங் ரூம்ல உக்காந்து டிஸ்ப்ளே பாருங்க. அந்த அரிஷ்ட பாட்டில் இருக்கா? பெருசு. லேபிளோட. நாளைக்குக் கொண்டாங்க. டிப்போல யாரும் அதக் குடிக்கக் கூடாதுன்னு போர்டு வைக்கணும்.”

“சரி மேடம்.”

“அப்புறம், தண்ணி கேன் பக்கத்துல நிக்காதீங்க. லைன தடுக்குது.”

இவ்வளவுதான். தோளில் தட்டவில்லை. பின்னாலும் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மாதத்தில் ஏதாவது ஒரு நாள் நான் போய், “மேடம், இன்னிக்குக் கேபிள் வேண்டாம்” என்று சொன்னால், காரணம் கேட்காமல் சார்ஜிங் அறைக்கு எழுதிவிடுவார். எந்தக் கட்டத்தில் எழுதினாரோ தெரியாது.

அன்று மாலை வீட்டில் பெரிய பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்தேன். ஒவ்வொரு கருவிக்கும் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவள் நான். பேட்டரிக்குப் படித்தேன், மிக்ஸிக்குப் படித்தேன். இதை மட்டும் அத்தனை நாளும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பொடி எழுத்தில் இருந்தது, தயாரிப்பின்போது தானாக உருவாகும் ஆல்கஹால் இதில் உண்டு என்று. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“அய்யோ சாமி! நானே ஊத்திக் குடுத்தேனா?” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். “ஒடம்புக்கு நல்லதுன்னு தாண்டி சொன்னான் அந்தக் கடைக்காரன்!”

“அவன் சொன்னது பொய் இல்லம்மா. எனக்குத்தான் ஆகாது.”

“ஊர்ல இருக்கிற சாராயக் கடையெல்லாம் நாசமாப் போவணும்னு வேண்டிக்கினு, வூட்டுக்குள்ளயே கடை வெச்சேனே” என்று அழுதாள். அழுகையின் நடுவே அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, உண்மையிலேயே கவலையோடு கேட்டாள்: “அப்போ நீ குடிக்காம இருந்த நாள் கணக்கு? மறுபடி மொதல்லருந்தா?”

அந்த வாரக் கூட்டத்தில் இதை வைத்தேன். எங்கள் கூட்டம் எதையும் இரண்டாகப் பிரிந்து விவாதிக்கக் கூடியது. தெரியாமல் குடித்தது கணக்கில் வராது என்று பாதிப் பேர், ஆல்கஹால் ஆல்கஹால்தான் என்று மீதிப் பேர். ஒருவர் இட்லி மாவு புளிப்பதைப் பற்றிக் கேட்டார். சகாயம் அண்ணன் இரண்டு சுற்று டீ கொடுத்தும் முடிவு வரவில்லை. கடைசியில் என்னிடம் கேட்டார்.

“இன்னா தங்கச்சி, நீயே சொல்லு. இன்னா பண்ணப் போற?”

“மொதல்லருந்து ஆரம்பிக்கிறேண்ணே.”

“அரிஷ்டத்துக்கா?”

“இல்ல. திரும்பி நின்னதுக்கு.”

அவர் என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார். அதோடு அந்த விவாதம் முடிந்தது.

இப்போது புதியவர்களின் கேள்விக்கு வருகிறேன். டிப்போவில் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை, எல்லோரும் வந்தால் டிப்போ தாங்காது. மெஷின் உள்ள வேலை நல்ல வேலைதான். காலையில் ஊத வேண்டும் என்ற நினைப்பு என்னைப் பல மாலைகளில் காப்பாற்றியிருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது வாயில் இருப்பதைத்தான் பிடிக்கும். நான் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன் என்று அதற்குத் தெரியாது. என் அட்டவணையில் பிடிப்பார்களா என்று ஒரு கேள்வி இருந்தது. இன்றைக்கு முடியவில்லை என்று அங்கே ஒருவரிடமாவது சொல்ல முடியுமா என்ற கேள்வி இல்லவே இல்லை. நான் அந்த டிப்போவைத் தேர்ந்தெடுத்த காரணம் தப்பு. கிடைத்த ஆள் சரியாக அமைந்தது என் அதிர்ஷ்டம். நீங்கள் அதிர்ஷ்டத்தை நம்பாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நானும் அடுத்த முறை அப்படித்தான் செய்தேன். எங்கள் சார்ஜர்களைப் பழுது பார்க்க வந்துபோன நிறுவனம், வடிவமைப்புக் குழுவில் சேர அழைத்தது. வாசலில் எந்த மெஷினும் இல்லாத வேலை. போவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் குழம்பினேன். நேர்காணலின் முடிவில், ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் மேலாளர்.

“கேக்கறதுக்கு இல்ல சார், சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு. நான் குடிச்சிட்டு இருந்தவ. விட்டுட்டேன். டீம் டின்னருக்கு வருவேன், சாப்பிட்டதும் கிளம்பிடுவேன். சில நாள் உங்ககிட்ட வந்து இன்னிக்கு முடியலன்னு சொல்லுவேன். பரவாயில்லையா?”

அவர் சற்று விழித்தார். “இத நான் கேக்கவே இல்லையே மேடம்.”

“அதான் சார் நானே சொல்றேன்.”

“சரி, சொல்லுங்க” என்றார். “எங்கிட்ட வந்து முடியலன்னு சொல்ற ஆளு இதுவரைக்கும் டீம்ல ஒருத்தரும் இல்ல. நேரா ராஜினாமாதான் வரும்.”

இன்றைய நிலவரம்: சார்ஜர் வடிவமைக்கும் அந்த நிறுவனத்தில் இரண்டாவது வருடமாக வேலை செய்கிறேன். என்னைப் பற்றி மேலாளருக்கும் பக்கத்து மேசைப் பெண்ணுக்கும் தெரியும். இதுவரை மூன்று முறை போய் முடியவில்லை என்று சொல்லியிருக்கிறேன், மூன்று முறையும் வீட்டுக்கு அனுப்பினார்கள், மறுநாள் வேலைக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டத்துக்குப் போகிறேன். குடிக்கவில்லை.